உயிர்த்தெழுதலை நம்ப மனம் மறுக்கும்போது எங்கிருந்து தொடங்குவது?

எம்மாவு வழி கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கேள்வியை நேராகவே வைக்கிறேன்.

ஒருவர் பைபிளைப் பொய் என்று ஒதுக்கிவிடவில்லை. சபையை விட்டுப் போகவும் விருப்பமில்லை. ஆனால் விசுவாசப் பிரமாணத்தில் "மூன்றாம் நாள்" என்று வரும் இடத்தில் வாய் சொல்லிக்கொண்டே போகிறது, உள்ளே ஒரு குரல் "செத்தவர் எப்படி எழுந்திருப்பார்?" என்று கேட்கிறது. ஜெபித்தாலும் அந்தக் குரல் அடங்குவதில்லை. இப்படிப்பட்டவருக்காக மூன்று விஷயம் தெரிய வேண்டும்.

சந்தேகமும் அவிசுவாசமும் ஒன்றுதானா? யாக்கோபு 1:6-ஐக் காட்டி, சந்தேகப்படுகிறவனுக்கு ஆண்டவரிடம் ஒன்றும் கிடைக்காது என்கிறார்கள். அதே வேதத்தில் தோமாவை ஆண்டவர் விரட்டவில்லையே.

உயிர்த்தெழுதலை ஆராய்ந்து பார்ப்பதானால் எதை, எந்த வரிசையில் படிப்பது? விவாத வீடியோக்கள் பார்த்தால் முதல் வீடியோ முடிந்ததும் மனம் ஒரு பக்கம் சாய்கிறது, அடுத்தது முடிந்ததும் மறுபக்கம் சாய்கிறது.

இந்த நிலையில் பிரமாணத்தைச் சொல்லலாமா, திருவிருந்தில் கலந்துகொள்ளலாமா?

"ஜெபம் பண்ணுங்க, சரியாகிடும்" என்பதற்கு மேல் விவரமாகச் சொல்லுங்கள்.

---

பெரோயா பதில்:

முதல் கேள்வியில் ஒரு சொற்சிக்கல் இருக்கிறது. அதை அவிழ்த்தாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

"சந்தேகத் தோமா" என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். யோவான் 20-ஐத் திறந்து பாருங்கள், அவரைப் பற்றிய அந்தப் பகுதியில் "சந்தேகம்" என்ற சொல்லே கிடையாது. தோமா சொன்னது "விசுவாசிக்கமாட்டேன்" (வச. 25). கிரேக்கத்தில் அது 'ஊ மே' என்ற இரட்டை மறுப்போடு வருகிறது, ஒன்றை அழுத்தி மறுக்க அந்த மொழியில் உள்ள வழி அது. ஆண்டவரும் "அவிசுவாசியாயிராமல் விசுவாசியாயிரு" என்றுதான் அவரிடம் பேசுகிறார். ஆக, நீங்கள் சொல்லும் நபரைவிடத் தோமா தூரமாகவே நின்றார். அப்படிப்பட்டவர் எட்டு நாள் கழித்து எங்கே இருந்தார்? "தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்" (வச. 26). மற்றவர்கள் அவரை வெளியே தள்ளவில்லை, அவரும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. எட்டு நாளும் அவரை யாராவது வாதாடி ஜெயித்ததாகவும் எழுதியில்லை. இந்த வசனத்தை வேகமாகக் கடந்துபோகிறோம், ஆனால் சபைக்குப் பெரிய பாடம் இங்கேதான் இருக்கிறது.

சந்தேகத்துக்கு உரிய கிரேக்கச் சொற்களில் ஒன்றான 'டிஸ்டாசோ' புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில் வருகிறது. இரண்டாகப் பிரிந்து நிற்பது என்ற பொருள் அதன் வேரிலேயே இருக்கிறது. ஓர் இடம் மத்தேயு 14:31, தண்ணீரில் மூழ்கும் பேதுரு. அங்கே வரிசையைக் கவனியுங்கள்: கையை நீட்டிப் பிடித்தது முதலில், "அற்பவிசுவாசியே, ஏன் சந்தேகப்பட்டாய்" என்ற கேள்வி பிறகு. மற்ற இடம் மத்தேயு 28:17. "அவரைக் கண்டு, பணிந்துகொண்டார்கள், சிலரோ சந்தேகப்பட்டார்கள்." பணிவும் சந்தேகமும் ஒரே மலைமேல், ஒரே நேரத்தில். சந்தேகப்பட்டவர்களைத் தனியே நிறுத்திவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் மாபெரும் கட்டளை கொடுக்கப்படவில்லை.

யாக்கோபு 1:6-க்கு வருவோம். அதற்கு முந்தின வசனத்தை விட்டுவிட்டு அதை மட்டும் எடுத்து அடிப்பது தவறு. வசனம் 5 தேவனை "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்" என்கிறது. பேச்சு ஞானத்தைக் கேட்பது பற்றியது. 8-ம் வசனத்தில் வரும் "இருமனமுள்ளவன்" என்ற சொல்லை யாக்கோபு மறுபடி 4:8-ல் பயன்படுத்துகிறார், அங்கே விஷயம் உலக சிநேகமா தேவ சிநேகமா என்பது. அதாவது இரண்டு எஜமானுக்கு ஒரே நேரத்தில் கை நீட்டுகிறவனை யாக்கோபு கண்டிக்கிறார். நம்ப ஆசைப்பட்டும் நம்ப முடியாமல் அழுகிறவனை அல்ல. அப்படி அழுதவன் மாற்கு 9:24-ல் இருக்கிறான்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அவன் பிள்ளை குணமானது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. யூதா 22-ஐ நம் பழைய மொழிபெயர்ப்பில் படித்தால் "பகுத்தறிவுள்ளவர்களாயிருந்து, சிலருக்கு இரக்கம் பாராட்டி" என்று இருக்கும். அந்த மொழிபெயர்ப்புக்கு அடிப்படையான பிற்காலக் கிரேக்கப் பாடம் அப்படி. முந்தைய கையெழுத்துப் பிரதிகளைப் பின்பற்றும் மொழிபெயர்ப்புகளில் அதே வசனம் "சந்தேகப்படுகிறவர்களுக்கு இரக்கம் காட்டுங்கள்" என்ற பொருளில் வருகிறது. சந்தேகப்படுகிறவரைச் சபை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு நேரடிக் கட்டளை நம் கையில் இருந்தும், அது கண்ணில் படாமல் போனது வருத்தம்தான்.

இனி நடைமுறை. சந்தேகத்தை ஒரே ஒரு வாக்கியமாகத் தாளில் எழுதச் சொல்லுங்கள். "எல்லாமே குழப்பமா இருக்கு" என்பது வாக்கியமாகாது. "செத்த உடல் மறுபடி உயிர் பெறாது" என்பது வாக்கியம். "தேவன் என்னைக் கைவிட்டுவிட்டார்" என்பதும் வாக்கியம். "நான் உண்மையிலேயே விசுவாசிக்கிறேனா என்று தெரியவில்லை" என்பதும் வாக்கியம். மூன்றும் மூன்று வேறு வியாதி, மருந்தும் வேறு. சீர்திருத்தச் சபைகளின் பழைய போதகர்கள் விசுவாசத்துக்குள் மூன்று இழை பார்த்தார்கள்: அறிதல், ஒப்புதல், சார்ந்திருத்தல். 1563-ல் வந்த ஹைடல்பர்க் வினாவிடையின் 21-ம் கேள்வியும் நிச்சயமான அறிவையும் இருதய நம்பிக்கையையும் சேர்த்தே விசுவாசம் என்கிறது. எந்த இழை அறுந்திருக்கிறது என்று பாருங்கள். கைவிடப்பட்டவராய் உணர்கிறவரிடம் கல்லறைச் சான்றுகளை அடுக்கினால் அவர் இன்னும் தனிமைப்படுவார். அவருக்கு 13-ம் சங்கீதமும் 88-ம் சங்கீதமும் வேண்டும். 88-ம் சங்கீதம் கடைசி வரி வரை இருளிலேயே முடிகிறது, அதையும் ஜெபமென்றுதான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் எழுதிய வாக்கியம் முதல் வகை. அதில் ஒன்று சொல்ல வேண்டும். செத்தவர் எழுந்திருக்கமாட்டார் என்பது விஞ்ஞானம் வந்தபின் கண்டுபிடித்த சேதி இல்லை. லூக்கா 24:11-ல் ஸ்திரீகள் சொன்னது அப்போஸ்தலருக்கு "வீண்பேச்சாக" தோன்றியது. அங்கே வரும் 'லேரோஸ்' என்ற சொல்லைக் கிரேக்க வைத்தியர்கள் ஜன்னி கண்டவரின் பிதற்றலுக்குச் சொல்வார்கள். இயற்கையாக இப்படி நடக்கும் என்று சபை ஒருநாளும் சொன்னதில்லை, தேவன் எழுப்பினார் என்றே சொன்னது. அதனால் உங்கள் சந்தேகம் உண்மையில் கல்லறையைப் பற்றியதா, அப்படிச் செய்யக்கூடிய தேவன் இருக்கிறாரா என்பதைப் பற்றியதா என்று இன்னொரு தரம் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது என்றால் சரித்திரப் புத்தகம் எத்தனை படித்தாலும் மனம் அசையாது. முதலில் அந்தக் கேள்வியைத்தான் எடுக்க வேண்டும்.

---

ஏட்டுப்பிரதி பதில்:

பெரோயா சொன்னதற்குப் பிறகு, இரண்டாவது கேள்வியை நான் எடுக்கிறேன்.

வீடியோ விவாதத்தை இப்போதைக்கு முழுவதும் நிறுத்துங்கள். அங்கே வேகமாகப் பேசுகிறவர் ஜெயிக்கிறார், ஒரு கேள்வி முடிவதற்குள் அடுத்த ஐந்து கேள்வி வந்து விழுகிறது. வாரத்துக்கு மூன்று நாள், ஒரு தரம் நாற்பது நிமிடம், கையில் நோட்டு. ஆறு வாரம் போதும். இரவு பத்து மணிக்கு மேல் வேண்டாம், களைத்த மூளைக்கு எல்லாமே இருட்டாகத் தெரியும்.

சுவிசேஷங்களிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் 1 கொரிந்தியர் 15:1-11. காரணம், இது எழுதப்பட்ட காலம் நமக்கு ஓரளவு நெருக்கமாகத் தெரியும். அப்போஸ்தலர் 18:12-ல் பவுல் கொரிந்துவில் ரோம ஆளுநர் கல்லியோனின் முன் நிறுத்தப்படுகிறார். டெல்பியில் கிடைத்த கல்வெட்டு கல்லியோனின் பதவிக்காலத்தை ஏறத்தாழ கி.பி. 51-52 என்று காட்டுகிறது. சில ஆண்டு கழித்து, ஐம்பதுகளின் நடுவில் இந்த நிருபம். அதிலும் பவுல், "நான் அடைந்ததும் உங்களுக்குப் பிரதானமாக ஒப்புவித்ததும்" என்கிறார். அடைதல், ஒப்புவித்தல் இரண்டும் வாய்வழிப் பாரம்பரியத்தைக் கைமாற்றுவதற்கான வழக்குச் சொற்கள். அப்படியானால் கேபாவின் (அதாவது பேதுருவின்) பெயரோடு தொடங்கும் அந்தச் சாட்சிப் பட்டியல் நிருபத்தைவிடப் பழையது.

அன்றைக்கே கலாத்தியர் 1:11-24 படியுங்கள். பவுல் எருசலேமுக்குப் போய் பேதுருவோடு பதினைந்து நாள் தங்கினார், கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபையும் பார்த்தார். கொரிந்தியர் பட்டியலில் பெயர் சொல்லப்பட்ட தனி ஆட்கள் இந்த இருவரே. சாட்சிகளை நேரில் சந்தித்தவர் எழுதிய எழுத்து நம் கையில் இருக்கிறது. பழங்காலச் சம்பவம் ஒன்றுக்கு இது சாதாரணமாகக் கிடைக்கிற வசதி அல்ல.

யாக்கோபின் பெயரைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். மாற்கு 3:21-ல் குடும்பத்தார் இயேசுவுக்கு மதிமயங்கிவிட்டது என்கிறார்கள். யோவான் 7:5, அவருடைய சகோதரரும் அவரை விசுவாசிக்கவில்லை என்கிறது. அந்த யாக்கோபு பிறகு எருசலேம் சபையின் தலைவர். அவர் கல்லெறிந்து கொல்லப்பட்டதை கி.பி. 62-ம் ஆண்டுச் சம்பவமாக யூத சரித்திராசிரியர் யோசேப்பஸ் குறித்திருக்கிறார். நடுவில் என்ன நடந்தது என்று நோட்டில் எழுதிப் பாருங்கள்.

அடுத்து மாற்கு 14 முதல் 16:8 வரை. அங்கே நிறுத்துங்கள். 16:9-20 சினாயிட்டிக்கஸ், வாட்டிக்கானஸ் என்ற நான்காம் நூற்றாண்டுப் பிரதிகள் இரண்டிலும் இல்லை. இந்த அடிக்குறிப்பை யாரும் சொல்லித் தராமல் ஒருநாள் தானாகப் பார்த்துவிட்டு "அப்படின்னா எல்லாமே சேர்த்ததா?" என்று அதிர்கிறவர்கள் நிறைய. முதலிலேயே தெரிந்துகொண்டால் அதிர்ச்சி இல்லை. லூக்கா 24:42-ல் நம் பழைய பைபிளில் "பொரித்த மீன்கண்டத்தையும் தேன்கூட்டுத் துணிக்கையையும்" கொடுத்தார்கள் என்று இருக்கும். முந்தைய பிரதிகளில் மீன் உண்டு, தேன்கூடு இல்லை. எது பிறகு வந்தது என்பதை இப்படித் துணிக்கை அளவுக்குச் சொல்ல முடிகிறதென்றால், பிரதிகள் அவ்வளவு ஏராளம், ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறது. ஒளித்து வைத்த சங்கதி எதுவும் இல்லை.

மூன்றாவது வாரம் ஒரு தாளில் நாலு பத்தி போட்டு, மத்தேயு 28, மாற்கு 16, லூக்கா 24, யோவான் 20 நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எத்தனை ஸ்திரீகள், எத்தனை தூதர், முதலில் யாருக்குக் காணப்பட்டார், எங்கே. வித்தியாசங்கள் வரும். மத்தேயுவில் ஒரு தூதன், யோவானில் இரண்டு. அவசரமாக ஒட்டுப்போட்டுச் சரிசெய்யாதீர்கள், முதலில் வித்தியாசத்தை வித்தியாசமாகவே எழுதுங்கள். சிலது தானாக அவிழும்: யோவான் மகதலேனா மரியாளை மட்டும் பெயர் சொல்கிறார், ஆனால் 20:2-ல் அவள் "எங்களுக்குத் தெரியவில்லை" என்று பன்மையில் பேசுகிறாள், கூட ஆட்கள் இருந்திருக்கிறார்கள். சிலது அவிழாது. அதையும் அப்படியே குறித்து வையுங்கள்.

நான்காவது வாரம் பவுலின் மாற்றம்: அப்போஸ்தலர் 9, 22, 26. மூன்று தரம் சொல்லப்படுகிறது, அங்கேயும் சிறு வேறுபாடு உண்டு. கடைசி இரண்டு வாரம் எதிர்ப்பக்கம். துக்கத்தில் கண்ட தரிசனம் என்ற விளக்கத்துக்கும், காலப்போக்கில் வளர்ந்த கதை என்ற விளக்கத்துக்கும் அந்தந்தப் பக்கத்து நல்ல ஆய்வாளர் எழுதிய முழுப் புத்தகம் ஒவ்வொன்று. கொரிந்தியர் பட்டியலை எந்த விளக்கம் எப்படிக் கையாள்கிறது என்ற ஒரே கேள்வியோடு படியுங்கள்.

இதில் கெட்டுப்போகும் இடம் எது தெரியுமா? நம் ஆட்களே மிகைப்படுத்திச் சொல்லும் வாதங்கள். "ஐந்நூறு பேர் சாட்சி எழுதி வைத்திருக்கிறார்கள்" என்பார்கள். இல்லை, ஐந்நூறு பேரைப் பற்றிப் பவுல் எழுதிய ஒரு வசனம் இருக்கிறது. அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று அவர் எழுதியதற்குத் தனி எடை உண்டு, ஆனால் அது ஐந்நூறு வாக்குமூலம் ஆகாது. "அப்போஸ்தலர் எல்லாருமே இரத்தசாட்சியாக மரித்தார்கள்" என்பார்கள். பேதுரு, பவுல், செபெதேயுவின் குமாரன் யாக்கோபு, கர்த்தருடைய சகோதரன் யாக்கோபு ஆகியோருக்கு உறுதியான பழைய ஆதாரம் உண்டு. மற்றப் பலருக்குப் பிற்காலப் பாரம்பரியம்தான். இப்படி ஊதிவிட்ட பலூனை யாராவது ஊசியால் குத்தும்போது, அதோடு கட்டிவைத்த விசுவாசமும் சேர்ந்து விழுகிறது. உண்மைக்குப் பொய்யான முட்டு வேண்டாம்.

ஆறு வாரம் முடிந்தால் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இயேசு பிலாத்துவின் காலத்தில் சிலுவையில் மரித்தார், சீஷர்கள் அவரை உயிரோடு கண்டதாக மிகச் சீக்கிரமே உறுதியாக நம்பினார்கள், துன்பப்படுத்திய பவுல் மாறினார்: இந்த அளவு வரைக்கும், விசுவாசிகள் அல்லாத ஆய்வாளரில் மிகப் பலர் ஒத்துக்கொள்வார்கள். வெறுமையான கல்லறையில் கருத்து வேறுபாடு அதிகம். அதற்கப்பால் "தேவன் எழுப்பினார்" என்ற அடியைச் சரித்திரம் உங்களுக்காக எடுத்து வைக்காது. வாசல் வரை கூட்டிக்கொண்டு வரும். நூற்றுக்கு நூறு நிச்சயம் வந்தால்தான் உள்ளே போவேன் என்று நின்றால் வாசலிலேயே காலம் கழியும், அந்த அளவு நிச்சயம் எந்தப் பழங்காலச் சம்பவத்துக்கும் கிடைக்காது.

---

ஜெபவீரன் பதில்:

சகோதரர்கள் நிறைய எழுதியிருக்கிறீர்கள். ஆராய்ச்சி கூடாது என்று சொல்லவரவில்லை, பெரோயா பட்டணத்தார் தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்ததை வேதமே மெச்சுகிறது (அப். 17:11). ஆனால் ஆறு வாரம் முடிகிறவரை கீழ்ப்படிதலைத் தள்ளிப்போட வேண்டாம். யோவான் 7:17 சொல்வது என்ன? அவருடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவன் அறிந்துகொள்ளுவான். செய்ய மனது முதலில், அறிவு பிறகு. மன்னிக்க வேண்டியவரை மன்னிப்பதற்கும், சுகவீனமாய் இருப்பவரைப் போய்ப் பார்ப்பதற்கும் கல்லறைக் கேள்வி தீர்ந்திருக்க வேண்டியதில்லை. 73-ம் சங்கீதக்காரனும் யோசித்து யோசித்துப் பார்த்தான், "அது என் பார்வைக்கு விசனமாயிருந்தது" என்கிறான். பரிசுத்த ஸ்தலத்துக்குள் போனபிறகே பார்வை திரும்பியது.

---

எம்மாவு வழி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஜெபவீரன் ஐயா சொன்னதையும் குறித்துக்கொண்டேன். இன்னொரு கேள்வி. பெரோயா சொன்ன மூன்றாவது வாக்கியம், "நான் விசுவாசிக்கிறேனா என்றே தெரியவில்லை." இதிலேயே சிக்கி, ஒரு நாளைக்குப் பல தரம் "இப்போ நம்புறேனா?" என்று உள்ளே சோதித்து, உடனே மன்னிப்பு ஜெபம், பத்து நிமிடம் நிம்மதி, மறுபடி அதே கேள்வி என்று போகிறவர்களுக்கு என்ன செய்வது?

---

மெல்லிய சத்தம் பதில்:

இதைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் மற்றச் சந்தேகங்களுக்கு நல்லது செய்யும் மருந்து இதை மோசமாக்கும்.

நீங்கள் எழுதியதிலேயே சக்கரம் முழுசாக இருக்கிறது: நினைவு, பதற்றம், சோதனை, நிம்மதி, மறுபடி நினைவு. ஒவ்வொரு முறை சோதித்து நிம்மதி அடையும்போதும் மூளை ஒரு பாடம் படிக்கிறது, "இது ஆபத்தான கேள்வி, சோதித்ததால் தப்பித்தேன்" என்று. அதனால் கேள்வி இன்னும் பலமாகத் திரும்புகிறது. இதற்குப் பழைய பெயர் மனச்சாட்சி நொய்மை. இயேசு சபைத் துறவிகளின் நிறுவனர் இஞ்ஞாசியார் பதினாறாம் நூற்றாண்டிலேயே இதற்குத் தனிக் குறிப்புகள் எழுதினார். இன்றைய மருத்துவம் இதன் கடுமையான வடிவத்தை எண்ணச் சுழற்சி நோயின் (OCD) ஒரு வகையாகப் பார்க்கிறது. இந்த எண்ணங்களும் சோதனைகளும் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றால், அல்லது வேலையையும் தூக்கத்தையும் குலைத்தால், மனநல மருத்துவரிடம் போவது அவசியம். இதற்கு நன்றாக வேலை செய்யும் சிகிச்சை உண்டு: பதற்றம் தரும் எண்ணத்தை வரவிட்டு, சோதனையைச் செய்யாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குவார்கள். தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. இது விசுவாசக் குறைவுக்குத் தண்டனை அல்ல.

வீட்டிலேயே செய்யக்கூடியது: "நம்புகிறேனா?" என்ற எண்ணம் வந்தால் பதில் சொல்லாதீர்கள். "அந்தக் கேள்வி வந்திருக்கிறது" என்று மட்டும் மனதில் சொல்லிவிட்டுக் கையில் இருக்கிற வேலையைத் தொடருங்கள். மன்னிப்பு ஜெபம் நாளுக்கு ஒரு தரம், இரவு, அதுவும் குறித்த நேரத்தில். ஒரே பாவத்தை இரண்டாம் முறை அறிக்கையிட வேண்டாம். ஆலோசகர் ஒருவரே இருக்கட்டும், நாலு பாஸ்டரிடம் அதே கேள்வியைக் கேட்பதும் அந்தச் சக்கரத்தின் ஒரு பல்தான். உடன் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: "கவலைப்படாதே, உனக்கு இரட்சிப்பு நிச்சயம்" என்று இருபதாவது தரம் சொல்வது அன்பாகத் தோன்றும், ஆனால் அந்த நெருப்புக்கு அது எண்ணெய்.

எலியாவையும் மறக்காதீர்கள். 1 இராஜாக்கள் 19-ல் "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்கிறவருக்கு தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தூங்க விட்டான், அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்க விட்டான், மறுபடி கொடுத்தான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகு வந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே விருப்பமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டது, சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறது என்றால், இறையியல் கேள்விகளை மூடி வைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். சாகிற நினைப்பு இருந்தால் அந்த இரண்டு வாரத்துக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் இன்னொன்று ஆவிக்குரிய வறட்சி. ஸ்பானியத் துறவி சிலுவை யோவான் அதற்கு மூன்று அடையாளம் சொன்னார்: தேவகாரியத்திலும் உலக காரியத்திலும் ருசியில்லை, தேவனுக்குச் சரியாய் ஊழியம் செய்யவில்லையே என்ற கவலை நீங்குவதில்லை, முன்போல் தியானிக்க முடிவதில்லை. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். உலக காரியத்தில் மட்டும் ருசி நன்றாக இருக்கிறதென்றால் அது வேறு பிரச்சினை. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-ல் வெளியானபோது, ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அவர் இப்படி இருளில் நடந்தது உலகத்துக்குத் தெரிந்தது. அத்தனை காலமும் ஜெபத்தையும் வேலையையும் விடவில்லை. இஞ்ஞாசியார் விதியும் இதற்குப் பொருந்தும்: இருண்ட நேரத்தில், வெளிச்சத்தில் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே.

---

பெரோயா மறுபடி:

மூன்றாவது கேள்வி பாக்கி இருக்கிறது.

பிரமாணம். 325-லும் 381-லும் சங்கங்களில் உருவான நிசேயா பிரமாணம் கிரேக்கத்தில் "விசுவாசிக்கிறோம்" என்று பன்மையில் தொடங்குகிறது. ஆராதனை வழக்கில்தான் "விசுவாசிக்கிறேன்" என்று ஒருமையானது. அப்போஸ்தலர் பிரமாணம் ஞானஸ்நானக் கேள்விகளிலிருந்து வளர்ந்தது, அதனால் அது ஒருமை. ஆக, ஒரு வரி தொண்டையில் சிக்குகிற நாளில் அதைச் சபையின் அறிக்கையாகச் சொல்லுங்கள், நானும் இந்தக் கூட்டத்தில் நிற்கிறேன் என்ற பொருளில். அது மாய்மாலம் ஆகாது. பொய் என்று முடிவுகட்டிவிட்ட ஒன்றை ஆட்களுக்காகச் சொல்வதுதான் மாய்மாலம். அந்த வரியில் ஒரு கணம் மௌனமாக நின்றாலும் குற்றமில்லை.

திருவிருந்து. பயமுறுத்தப் பயன்படும் இரண்டு வசனத்தை முதலில் அதனதன் இடத்தில் வைப்போம். ரோமர் 14:23-ல் சந்தேகத்தோடு புசிக்கிறவன் என்று வருவது இறைச்சி உண்பதா வேண்டாமா என்ற மனச்சாட்சிப் பிரச்சினை, அந்த அதிகாரத்தில் திருவிருந்துப் பேச்சே இல்லை. 1 கொரிந்தியர் 11:27-ல் "அபாத்திரமாய்" என்பது புசிக்கும் விதத்தைச் சொல்கிறது. கொரிந்துவில் நடந்தது என்ன? 21-ம் வசனம்: ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான். ஏழையை வெட்கப்படுத்திய பந்தியைப் பவுல் கண்டிக்கிறார்.

1647-ல் முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடையில் 172-ம் கேள்வியே இதுதான்: தான் கிறிஸ்துவுக்குள் இருக்கிறேனா என்று சந்தேகப்படுகிறவர் பந்திக்கு வரலாமா? பதில், வரலாம், வரவும் வேண்டும். தன் அவிசுவாசத்துக்காகத் துக்கப்படட்டும், சந்தேகம் தீரப் பிரயாசப்படட்டும், இன்னும் பலப்படும்படி வரட்டும் என்கிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும், அது தன் இரட்சிப்பைப் பற்றிய சந்தேகத்துக்குச் சொன்ன பதில். போதனையைப் பற்றிய சந்தேகத்துக்கு அதை அப்படியே நீட்டுவதா என்பதை உங்கள் போதகரோடு பேசுங்கள், சபைக்குச் சபை ஒழுங்கு வேறுபடும். கத்தோலிக்க மறைக்கல்வி 2088-ம் எண்ணில் வேண்டுமென்றே கொள்ளும் ஐயத்தையும், விரும்பாமல் வந்து சேரும் தயக்கத்தையும் பிரிக்கிறது. அதே எண்ணில் இன்னொரு எச்சரிப்பும் உண்டு: வேண்டுமென்றே வளர்த்துக்கொண்டால் ஐயம் ஆன்மாவைக் குருடாக்கக்கூடும். அதை மறைக்க மாட்டேன். கேள்வியைத் தீர்க்க வழி தேடாமல், கேள்வியோடு இருப்பதே பெருமை என்று உட்கார்ந்துவிடும் ஆபத்து உண்மையானது.

போதகரிடம் எப்படிப் போவது? ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது வேண்டாம், அங்கே அவரால் ஒரு வசனம் மட்டுமே சொல்ல முடியும். அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். எழுதிய அந்த ஒரு வாக்கியத்தைத் தாளோடு கொண்டுபோங்கள். "எனக்குப் பதில் வேண்டும்" அல்லது "இன்று கேட்டால் போதும், பதில் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதி உரையாடல் இது தெளிவாகாமல்தான் கெடுகிறது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடமும் வாட்ஸ்அப் குழுவிலும் கொட்ட வேண்டாம். 73-ம் சங்கீதக்காரனும் 15-ம் வசனத்தில் இப்படிப் பேசினால் பிள்ளைகளின் சந்ததிக்குத் துரோகியாவேன் என்று நாவை அடக்கினான், ஆனால் தேவனிடம் ஒன்றையும் அடக்கவில்லை. அந்தப் போதகர் பயந்துபோய் அதட்டினால், மரியாதையாக எழுந்து வந்து இன்னொரு முதிர்ந்த விசுவாசியிடம் போங்கள்.

லூக்கா 24:41-ஐ மட்டும் இந்த வாரம் மெதுவாகப் படித்துப் பாருங்கள் சகோதரரே. "சந்தோஷத்தினால் அவர்கள் இன்னும் நம்பாமல்" இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. கைகளையும் கால்களையும் காட்டியும் நம்பவில்லை. அவர் அடுத்து சான்று எதையும் அடுக்கவில்லை, புசிக்கிறதற்கு ஏதாகிலும் உண்டா என்று கேட்டார், அவர்களுக்கு முன்பாகச் சாப்பிட்டார். வேதவாக்கியங்களை விளக்கியது அதற்குப் பிறகு.